கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்

போன கார்த்திகை மழையில் ஒரு விடியப்புறம் எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரின் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு நாய் குரைத்தது, நாய் குரைத்த சத்தத்துக்குத்தான் நான் எழும்பினேன். ரோர்ச் அடித்துப் பார்த்தால் கதவளவு சீமெந்துப் பாளம் ஒன்று நிலத்தில் உடைந்து கிடக்கிறது, அதன் பின்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, சுவரில் அது ஒட்டியிருந்த இடத்தில் அம்மம்மாவின் அப்பா கட்டுவித்த பழைய சுண்ணக்கல் ஈரமாகத் தெரிகிறது. நூறு வருடத்துக்குக் கிட்ட நின்ற சுவர் அது. 1995இல் யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலைகூட இல்லை, கிணற்றுக்குள் ஏதேதோ கிடந்தது, ஆனால் சுவர் நின்றது. அப்படி நின்ற சுவரைக் கெடுத்தவன் நான்தான். 2012இல் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் வீட்டைத் திருத்துகிறேன் என்று தொடங்கி, பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு நல்ல தடிப்பாகச் சீமெந்து பூசுவித்தேன். பூசி முடித்த அன்றைக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் வடிவாக இருக்கிறது என்றார்கள்.

விழுந்த இடத்தை உடனே மூட மனமும் வரவில்லை, காசும் வரவில்லை. ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் ரொறொன்ரோவிலிருந்து வந்து இறங்கியபோதும் சுவர் அப்படியேதான் கிடந்தது.

அக்காவின் மகனுக்குப் பதினான்கு வயது. தமிழ் நன்றாகவே கதைப்பான், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் செய்வான், ஆனால் கையில் எப்போதும் ஃபோன். வந்த இரண்டாம் நாள் அந்த விறாந்தையிலேயே சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு யூரியூப்பில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். பழைய நாகரிகங்களின் மாபெரும் பத்துக் கட்டடங்கள், அந்த மாதிரி ஒன்று. பிரமிட்டு, கொலோசியம், அங்கோர், மச்சு பிச்சு, வழக்கமான ஆட்கள்தான். பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்து, "மாமா, எங்கட ஊரில ஏன் உப்பிடி ஒண்டும் இல்லை?" என்று கேட்டான்.

'இருந்ததை இடிச்சுப்போட்டாங்கள்' என்ற பதில் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் அது அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, ஏனென்றால் இடிப்பதற்கு முன்னாலும் இங்கே நூற்றைம்பது மீற்றர் உயரத்தில் எதுவும் நிற்கவில்லை. ஆறு கிழமையாக அவனுக்கு விட்டுவிட்டுச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் பாதியை அவன் காதில் வாங்கவில்லை.

முதலில் மேசன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இப்போது எங்கள் பக்கத்தில் ஒருவரோ இருவரோதான். எழுபது தாண்டிய இந்த மனுசனைத் தேடிப் பிடிப்பதற்கே எனக்கு மாதக் கணக்கானது. சைக்கிளில் வந்து இறங்கியவர் சுவரைப் பார்க்கவில்லை, நான் மூலையில் சாத்தி வைத்திருந்த விழுந்த பாளத்தைத்தான் பார்த்தார். அதன் பின்பக்கத்து வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். மருமகன் முகத்தைச் சுளித்தான்.

"உப்புத்தான். தம்பி, நீங்கள் சுவருக்கு மழைக்கோட்டுப் போட்டு விட்டிருக்கிறியள். வெளியில நனையாது, சரி. உள்ளுக்க வேர்க்குமெல்லே?"

என் பதினொரு வருடத்துத் திருப்பணியை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். பழைய கற்சுவருக்குக் கீழே ஈரத்தைத் தடுக்க ஒரு படையும் இல்லை. நிலத்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும், கூட வந்த உப்பு மேலே பொரிந்து உதிரும், வருடத்துக்கொருக்கால் தட்டிவிட்டு வெள்ளை அடித்தால் சரி. சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நிற்க, உப்பு பூச்சுக்கும் கல்லுக்கும் இடையில் பளிங்காகி வளர்ந்து வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. தள்ளும்போது கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வருகிறது, ஏனென்றால் நான் பூசிய சீமெந்து எங்கள் சுண்ணக்கல்லைவிடக் கடினம். சாந்து எப்போதும் கல்லைவிட ஒரு படி மென்மையாக இருக்க வேண்டுமாம். சண்டை வந்தால் விட்டுக்கொடுக்கிறது சாந்தாக இருக்க வேணும், கல்லாக இருக்கக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பத்துக் கட்டட வீடியோவை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. கல்லைப் பார்க்காமல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

சுண்ணாம்பு என்பதே ஒரு விசித்திரமான வித்தை. சுண்ணக்கல்லைச் சூளையில் போட்டு 900 பாகை அளவுக்குச் சுட்டால் அதற்குள் இருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துச் சீறி நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தால், அது காற்றிலிருந்து அதே காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உறிஞ்சி மறுபடி சுண்ணக்கல்லாகிவிடும். கல்லைக் கரைத்து, வேண்டிய இடத்தில் ஊற்றி, திரும்பக் கல்லாக்குகிறோம், அவ்வளவுதான். ஒரேயொரு பிரச்சினை, அது கல்லாவதற்கு எடுக்கிற காலம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரமிட்டிலிருந்து தொடங்கினால்தான் மருமகன் கேட்பான் என்பதால் அங்கிருந்து தொடங்கினேன். எகிப்தில் குஃபு அரசனின் பெரிய பிரமிட்டு கட்டியபோது 146 மீற்றருக்கு மேல், 23 இலட்சம் கல் அளவில். அதெல்லாம் அவனுக்கே தெரியும். அவனுக்குத் தெரியாதது மெரெர் என்ற ஆள். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பப்பிரசு என்ற நாணல்தாளில் எழுதிய சுருள்கள் சில கிடைத்தன, எழுத்தோடு கிடைத்த பப்பிரசுகளில் ஆகப் பழையவை அவைதான். அவற்றில் ஒரு பகுதி மெரெரின் நாட்குறிப்பு. சுமார் 40 பேர் கொண்ட வள்ளக்குழு ஒன்றுக்குத் தலைவன் அவன். தூரா என்ற இடத்துக் கல்லுடைப்பிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு, நைல் வெள்ளத்திலும் வாய்க்கால்களிலும் கீசாவுக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்புவது அவன் வேலை. இன்ன நாள் ஏற்றினோம், இன்ன நாள் பாய் விரித்தோம், இன்ன இடத்தில் இராத்தங்கினோம் என்று எங்கள் ஊர் லொறிக்காரர் சிஆர் கொப்பியில் எழுதி வைக்கிற மாதிரியே இருக்கிறது. பத்து நாளில் இரண்டு, மூன்று நடை. கூடவே சாப்பாட்டு வரவுக் கணக்குகளும் கிடைத்திருக்கின்றன.

"வேற்றுக்கிரகவாசி கட்டினது எண்டு சொல்லுறாங்கள் மாமா."

"வேற்றுக்கிரகவாசி பாண் கணக்கு எழுதுவானோடா?"

தூராவில் ஏற்றிய கல் எது தெரியுமா? வெள்ளைச் சுண்ணக்கல். பிரமிட்டுக்கு மேல் உறையாகப் போட்டது அதுதான், பிறகு கெய்ரோவில் கட்டடம் கட்டப் பெரும்பாலானதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இடையில் வைத்த சாந்து ஜிப்சம். கடதாசி நுழையாத அளவுக்குக் கல்லைப் பொருத்தினார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், உறைக்கல்லில் அது உண்மைதான், ஆனால் உள்ளே போனால் ஒழுங்கில்லாத கற்களும் அவற்றின் இடுக்கில் தாராளமாக அள்ளிப் போட்ட ஜிப்சம் சாந்தும்தான். இதைக் கேட்டு மருமகனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மேசன் ஐயாவுக்கு மட்டும் சிரிப்பு. "எல்லா இடமும் அப்பிடித்தான், முகப்புக்கு ஒரு வேலை, உள்ளுக்க ஒரு வேலை."

ரோமரிடம் வந்தால் கதை மாறுகிறது. அவர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைச் சேர்த்தார்கள். நேப்பிள்ஸ் விரிகுடாப் பக்கத்துச் சாம்பல். அது சேர்ந்தால் சாந்து காற்றுக்காகக் காத்திருக்காது, தண்ணீருக்குள்ளேயே இறுகும். அதனால்தான் அவர்களால் கடலுக்குள் துறைமுகம் கட்ட முடிந்தது. ஏரோது மன்னன் இன்றைய இஸ்ரேல் கரையில் செசரியா துறைமுகத்தைக் கட்டியபோது அந்தச் சாம்பலை இத்தாலியிலிருந்து மத்தியதரைக் கடல் கடந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சாம்பலைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது! ஒரு பொருளின் அருமை தெரிந்தவன்தான் அதைச் செய்வான்.

ரோமில் இருக்கும் பான்தியன் என்ற கோயில் ஹட்ரியன் பேரரசன் காலத்தில், கி.பி. 126 அளவில் முடிந்தது. 43 மீற்றர் விட்டமுள்ள கும்மட்டம், உள்ளே ஒரு கம்பி கிடையாது. கம்பி இல்லாத கொங்கிறீற் கும்மட்டங்களில் இன்றைக்கும் உலகத்தில் பெரியது அதுதான். எப்படி நிற்கிறது என்று பார்த்தால் மேசன் வேலை தெரிந்த ஆளின் மூளை தெரியும்: அடியில் பாரமான கல்லைக் கலந்திருக்கிறார்கள், மேலே போகப் போகப் பாரம் குறைந்த கல், உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். தடிப்பும் அடியில் 6 மீற்றருக்கு மேல், உச்சியில் 1 மீற்றர் சொச்சம். நடுவில் 8, 9 மீற்றர் அகலத்துக்கு வானத்தைப் பார்த்த ஓட்டை, அதால் மழை உள்ளே விழும், விழுந்தால் ஓடுவதற்கு நிலத்தில் துளைகள். எங்கள் நாற்சார் வீட்டு நடு முற்றத்தின் யோசனைதான், மேலே கும்மட்டம் என்ற வித்தியாசம் மட்டும்.

இதில் எனக்கு ஆகப் பிடித்தது இன்னொன்று. ரோமக் கொங்கிறீற்றை உடைத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். சரியாகக் குழைக்காத வேலை என்றுதான் நெடுங்காலமாக நினைத்திருந்தார்கள். 2023இல் வந்த ஓர் ஆய்வு அது தற்செயல் இல்லை என்று சொன்னது. நீறாத சுட்ட சுண்ணாம்பை அப்படியே போட்டுச் சூட்டோடு குழைத்ததால் அந்தக் கட்டிகள் மிஞ்சியிருக்கின்றன. பிறகு சுவரில் வெடிப்பு விழுந்து தண்ணீர் இறங்கினால் கட்டி கரைந்து, வெடிப்புக்குள் ஓடி, அங்கேயே கல்லாகி வெடிப்பை அடைத்துவிடுகிறது. அதே முறையில் புதிதாகச் செய்த கட்டியை உடைத்துத் தண்ணீர் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு கிழமைக்குள் வெடிப்பு மூடிவிட்டது. இதைப் படித்ததும் நான் ஓடிப்போய் எங்கள் பழைய சுவரின் சாந்தைக் கிண்டிப் பார்த்தேன். அங்கேயும் பயறளவில் வெள்ளைக் கட்டிகள்! பெருமையோடு மேசன் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "குழைச்சவன் பஞ்சிப்பட்டிருக்கிறான்" என்றார். நான் ஒன்றும் கதைக்கவில்லை.

சீனாக்காரரும் நம் ஆட்களும் எரிமலைக்குப் போகவில்லை, அடுப்படிக்குப் போனார்கள். மிங் காலத்துப் பெருஞ்சுவரின் சில பகுதிகளிலும் அந்தக் காலத்துக் கல்லறைகளிலும் சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சியைச் சேர்த்திருக்கிறார்கள். கஞ்சியிலுள்ள மாப்பொருள் சுண்ணாம்புப் பளிங்குகளைச் சின்னதாகவும் நெருக்கமாகவும் வளரவிடுகிறதாம். தமிழ்நாட்டில் கருப்பட்டியும் கடுக்காயும். இங்கே பனங்கட்டித் தண்ணீர் விட்டதாக மேசன் ஐயா தன் பாட்டனார் சொன்னதைச் சொன்னார். முட்டை வெள்ளைக்கருவும் போடுவார்களாம், ஆனால் அது பணக்கார வீட்டுக்கு மட்டும்.

இப்போது காலம் பற்றிய பிரச்சினைக்கு வருகிறேன். தேவாலயமாகக் கட்டப்பட்ட ஹகியா சோஃபியா. கொன்ஸ்தாந்திநோபிளில், இன்றைய இஸ்தான்புலில், ஜஸ்டினியன் பேரரசன் 532இல் தொடங்கி 537இல் முடித்துவிட்டான். அவ்வளவு பெரிய கட்டடம் ஆறு வருடத்துக்குள்! அங்கே செங்கல்லுக்கு இடையில் வைத்த சாந்து செங்கல்லின் தடிப்பளவுக்கு இருக்கும். அவ்வளவு சாந்து இறுகுவதற்கு நேரம் வேண்டாமா? ஈரம் காயாமல் மேலே மேலே ஏற்றியதில் தூண்கள் வெளியே சாய்ந்தன, பிறகு நிலநடுக்கங்கள், 558இல் கும்மட்டம் விழுந்தது. முதலில் கட்டியவர்களில் ஒருவரான இசிதோரின் மருமகன், அவன் பெயரும் இசிதோர்தான், அதைப் பழையதைவிட உயரமாகத் தூக்கிக் கட்டினான். உயரமாக என்றால் பகட்டுக்கு இல்லை, கும்மட்டம் தட்டையாக இருந்தால் பக்கச்சுவரைக் கூடத் தள்ளும், குவிந்து நின்றால் பாரம் கீழே இறங்கும். 562இல் அது முடிந்தது. 989இல் ஒரு பகுதி விழ, ஆர்மீனியாவிலிருந்து திரிதாத் என்ற கட்டடக் கலைஞர் வந்து திருத்தினார். 1346இல் இன்னொரு பகுதி விழுந்தது, திரும்பவும் கட்டினார்கள். 'ஆயிரத்தைந்நூறு வருடமாக நிற்கிறது' என்று வீடியோவில் சொல்கிறார்கள். விழுந்து விழுந்து எழும்பித்தான் நிற்கிறது.

"அப்ப மருமகன்தான் வந்து சரி செய்திருக்கிறான்" என்றான் என் மருமகன். அந்த ஒரு வரி மட்டும் அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

சாந்தே இல்லாமல் கட்டியவர்களும் உண்டு. தென் அமெரிக்காவின் இன்காக்கள் பெரு நாட்டுக் குஸ்கோவில் கல்லோடு கல்லை உரசி உட்கார வைத்தார்கள். அவர்களுடைய கோரிகாஞ்சா கோயில் சுவருக்கு மேலே ஸ்பானியர் மடாலயம் கட்டினார்கள், 1950 நிலநடுக்கத்தில் மடாலயம் பிளந்தது, கீழே இன்காச் சுவர் அப்படியே நின்றது. நிலம் குலுங்கும்போது கல் கொஞ்சம் ஆடி, திரும்ப அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்திலும் கருங்கல்லுக்கு இடையில் சாந்து கிடையாது, 1010இல் முடிந்தது, 60 மீற்றருக்கு மேல் உயரம், பாரமே அதன் பிடிப்பு. அதன் நிழல் தரையில் விழாது என்று நானும் பள்ளிக்கூடக் காலத்தில் நம்பினேன். போய்ப் பார்த்தால் நிழல் நன்றாகவே விழுகிறது, அந்த நிழலில்தான் நான் அரை மணித்தியாலம் இருந்தேன். இவ்வளவு உண்மையான அதிசயம் கண் முன்னால் நிற்கும்போது இல்லாத ஒன்றை ஏன் சொல்லித் திரிகிறோமோ தெரியாது. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணைக்கு இப்படிக் கட்டுக்கதை தேவையில்லை: ஆற்று மணலில் பெரிய கல்லைப் போட, அது தாழ, அதன்மேல் இன்னொரு கல், களிமண் பூச்சு, அது தாழ இன்னொன்று, இனித் தாழாது என்று மணலே சொல்லும் வரைக்கும். ஆழம் தெரியாத மணலில் அத்திவாரம் போடும் வித்தையை அதைப் பார்த்துத்தான் கற்றோம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார்.

ஆனால் யாழ்ப்பாணத்தானுக்குக் கருங்கல்லும் இல்லை, காவிரியும் இல்லை. அதனால் எனக்கு எல்லாவற்றிலும் கிட்டத்தில் நிற்பது மொகஞ்சதாரோதான்.

மருமகனுக்கு அதன் படங்களைக் காட்டினபோது, "இதில என்ன இருக்கு மாமா, செங்கல்லுத்தானே" என்றான். உண்மைதான், கோபுரம் இல்லை, அரசனின் சிலை இல்லை. 12 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலத்தில் பெருங்குளியல் குளம் ஒன்று, 2.4 மீற்றர் ஆழம், செங்கல்லை இடைவெளியில்லாமல் ஜிப்சத்தில் அடுக்கி, தண்ணீர் கசியாமல் பின்னால் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். நாலரை ஆயிரம் வருடத்துக்கு முந்திய வேலை. அதைவிட எனக்குக் கிணறுதான் பெரிது. அந்த ஒரு நகரத்தில் 700க்கு மேல் கிணறுகள் இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். சாதாரணச் செங்கல்லை வட்டமாக அடுக்கினால் வெளிப்பக்கம் வாய் பிளக்கும், அதனால் கிணற்றுக்கென்றே ஒரு பக்கம் ஒடுங்கிய செங்கல் அறுத்திருக்கிறார்கள். அப்படி வட்டமாகப் பூட்டினால் சுற்றிவர மண் நெருக்க நெருக்கக் கல் இன்னும் இறுகும். நகரம் மேடாக மேடாகக் கிணற்றின் வாயையும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், இப்போது சுற்றியிருந்த மண்ணை அகழ்ந்து எடுத்த பிறகு அந்தக் கிணறுகள் புகைபோக்கி மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கிணறு கோபுரமாக நிற்கும் படத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

அந்த நகரத்தை இப்போது எது தின்றுகொண்டிருக்கிறது தெரியுமா? உப்பு. நிலத்தடி ஈரம் செங்கல்லுக்குள் ஏறி, வெயிலில் காய்ந்து, உப்புப் பளிங்காகிச் செங்கல்லின் முகத்தைப் பொரியாக உதிர்க்கிறது. என் விறாந்தைச் சுவரில் நடந்த அதே சங்கதி.

எங்கள் நிலமும் அப்படித்தானே. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாடு. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கும் கடல் தண்ணீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதக்கிறது, நல்ல தண்ணீர் பாரம் குறைவு என்பதால். அந்த வில்லையில்தான் எங்கள் கிணறு எல்லாம் வாய் வைத்திருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஊறுகிற அளவுக்குத்தான் எடுக்க முடியும். மெசின் வைத்து இழுக்கத் தொடங்கியதும் உவர் மேலே ஏறுகிறது. மருமகனை எங்கள் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்க்கச் சொன்னேன். மேலே கொஞ்சத் தூரத்துக்குக் கட்டிய கட்டு, அதற்குக் கீழே கல்லையே அலவாங்கும் உளியும் கொண்டு கொத்தி இறக்கிய வட்டம். கொத்திய தழும்பு இன்றைக்கும் தெரிகிறது. கிணறு வெட்டியபோது வெளியே எடுத்த கல்தான் வீட்டுச் சுவர் என்று அம்மம்மா சொல்வா. "அப்ப வீடு கிணத்துக்குள்ள இருந்துதான் வந்ததோ?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

யாழ்தேவி றெயிலில் ஒரு நாள் அநுராதபுரம் போனோம். அவன் கேட்ட பெரிசு அங்கே இருக்கிறது. மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவன தூபி, கட்டியபோது 122 மீற்றர். அந்தக் காலத்தில் உலகத்தில் அதைவிட உயரமாக நின்றவை கீசாவின் இரண்டு பிரமிட்டுகள் மட்டும்தான். ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைக்கு 71 மீற்றர்தான் மிச்சம், ஆனாலும் அடியில் நின்றால் கழுத்து வலிக்கும். செங்கல்லுக்கு இடையில் வெண்ணெய் போலக் குழைத்த களிமண், மெல்லிய படையாக. மருமகன் வாயைத் திறந்து பார்த்தான், முப்பது படம் எடுத்தான், வெயில் தாங்காமல் ஐஸ்கிறீம் கேட்டான்.

திரும்பி வந்து அவனைக் கந்தரோடைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். 1917இல் போல் ஈ. பீரிஸ் என்ற ஆய்வாளர் அகழ்ந்த இடம். பனைகளுக்கு நடுவில் முருகைக்கல்லால் சின்னச் சின்னத் தூபிகள், கூட்டமாக, சில அவனுடைய தோளளவுகூட இல்லை. அங்கே படம் எடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொன்றாகச் சுற்றி நடந்தான்.

பிறகு யாழ்ப்பாணக் கோட்டை. ஒல்லாந்தர் 1658இல் போத்துக்கேயரிடமிருந்து பிடித்து, ஐந்து மூலை வைத்துத் திரும்பக் கட்டியது. உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் யுத்தத்தில் தரைமட்டமானது. 1621இல் போத்துக்கேயர் இடித்த நல்லூர்க் கோயிலின் கல்லும் இந்தக் கோட்டைக்குள்தான் போனது என்று ஊர் சொல்லும். மதிலுக்குக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னேன். கல்லில் மூளை மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து கோடுகள், தேன்கூடு மாதிரிக் கண்கள். "இது உயிரோட இருந்ததோ?" ஓம், முருகைக்கல், கடலுக்குள் வளர்ந்தது. கல்லும் முருகை, அதைச் சுட்டால் வருகிற சுண்ணாம்பும் அதே சாதி. அவன் விரலை ஒரு மடிப்புக்குள் வைத்துக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான்.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது, எங்கள் நிலத்துச் சுண்ணக்கல்லைத் தோண்டித்தான். 1990இல் யுத்தத்தோடு நின்றது. தோண்டிய பள்ளங்கள் இன்றைக்கும் கீரிமலைப் பக்கம் இருக்கின்றன. நாடு முழுக்க எத்தனை வீடு அதில் எழும்பியிருக்கும்! சீமெந்துக்கு நான் எதிரி இல்லை, எங்கள் குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் அதால்தான் நிற்கின்றன. வேகமாக இறுகும், யாரும் பூசலாம், மழைக்கு முன்னால் முடிக்கலாம். ஹகியா சோஃபியா கட்டியவர்களுக்கு நாலு மூட்டை கிடைத்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். அதை எதன்மேல் பூசுகிறோம் என்று கேட்காததுதான் என் பிழை.

சுண்ணாம்பு நீற்றிய நாள் வீட்டில் பெரிய கொண்டாட்டம். வளவில் குழி வெட்டி, சுட்ட சுண்ணாம்பைக் கொட்டி, மேசன் ஐயா வாளியால் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது சீறிப் புகைந்து, பிளந்து, கொதித்தது. கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று அக்கா கத்தியதில் மருமகன் என் மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, பத்தடி தள்ளி நின்று வீடியோ எடுத்தான். ஆறின பிறகு பார்த்தால் தயிர் மாதிரி. மூன்று கிழமை மூடி வைக்கச் சொன்னார். மூன்று கிழமையா என்று நான் கேட்டதற்கு, "அப்ப சீமெந்தே பூசுங்கோவன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் பூச்சு நடக்கும்போது சோளகம் பேயாக அடித்தது. காற்றில் கெதியாகக் காய்ந்தால் வெடிக்கும் என்று சுவர் முழுக்க நனைத்த சாக்குத் தொங்கவிட்டோம். காலையும் பின்னேரமும் சாக்கை நனைப்பது மருமகனின் வேலை. முதல் நாள் முணுமுணுத்தான், மூன்றாம் நாளிலிருந்து யாரும் சொல்லாமலே வாளியை எடுத்தான். இரண்டாம் பூச்சு முடிந்து நாலாம் நாள் அவர்களுக்கு விமானம். வாகனம் வந்து நிற்க, அவன் விறாந்தைக்குத் திரும்ப ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான், சுவர் கல்லாகிவிட்டதா என்று. போய்த் தொட்டுப் பார்த்தேன். கை குளிர்ந்தது, நகம் வைத்தால் கீறு விழுந்தது. படம் எடுத்து அனுப்பி, இன்னும் இல்லை என்று எழுதினேன்.